ஈரக் கம்பளிக்கு ஒரு பரிந்துரை

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கொண்டக்டரான சோலைமலை, தன் நாற்பத்திரண்டு வயது வரை யாருக்கும் எதையும் பரிந்துரைத்தவரல்ல. "உள்ளுக்குப் போங்க, பின்னால எடமிருக்கு" என்பதைத் தவிர. அதுவும் பெரும்பாலும் பொய்.

அப்படிப்பட்டவர் ஒரு பாட்டு ஆல்பத்தைப் பரிந்துரைக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் டிலுக்ஷி. கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பெண். வயது இருபத்து நான்கு. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் தலவாக்கலையில் ஏறி, கதவுக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்காருவாள். ஐப்பசி மழையில் ஒரு நாள், இயர்ஃபோன் நனைந்துவிட்டதால், ஃபோனை அப்படியே திறந்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, சத்தத்தக் கொறைங்க" என்றார் சோலைமலை.

குறைத்தாள். பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

"கூட்டுங்க" என்றார்.

கூட்டினாள். இன்னும் இரண்டு வளைவு போனது.

"மொதல்லேருந்து போடுங்க தங்கச்சி. யாரு பாடுறது?"

"நாங்கதாண்ணே."

அந்த ஆல்பத்தின் பெயர் 'ஈரக் கம்பளி'. பாடிய குழுவின் பெயர் 'எட்டாம் நம்பர் லயம்'; தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் என்றுதான் பெயர். டிலுக்ஷி பாடி கிட்டார் வாசிப்பாள். அவளோடு இன்னும் மூன்று பேர்: ஒரு வயலின், ஒரு பேஸ் கிட்டார், ஒரு தப்பு. தோட்டத்தில் முன்பு தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது மூடிக்கிடந்த பிள்ளைக் காம்பராவில் பதிவு செய்தார்கள். எதிரொலி வராமலிருக்க, மழையில் கொழுந்து பறிக்கிறவர்கள் தலைக்குப் போடும் கம்பளிகளை லயத்தில் இரவல் வாங்கிச் சுவரெல்லாம் தொங்கவிட்டார்கள். எல்லாம் நனைந்த கம்பளி. அந்த ஈரம் சத்தத்துக்குள்ளும் இறங்கியிருந்தது.

ஒன்பது பாட்டு. முப்பத்தெட்டு நிமிடம். இணையத்தில் ஏற்றிப் பதினான்கு மாதத்தில் இருநூற்றுப் பதினொரு தடவை கேட்கப்பட்டதாகக் கணக்குக் காட்டியது. அதில் பாதிக்கு மேல் டிலுக்ஷியின் அம்மா. பாட்டு அழிந்துபோகாமலிருக்கத் வாரத்துக்கு இரண்டு தடவை தொட வேண்டும் என்று அவர் நம்பியிருந்தார்.

சோலைமலைக்கு நாலாவது பாட்டில்தான் உயிர். காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததால் அன்றைக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி, லீவு நாள் மாதிரி ஆற அமர வீட்டுக்கு நடந்து போகிற பாட்டு. அவளைத் தனக்குத் தெரியும் போலிருந்தது அவருக்கு. எந்த லயம் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

மார்கழியில் டிலுக்ஷி பாஸ்போர்ட் எடுத்தாள்.

"கட்டாருக்குப் போறேண்ணே. சுப்பர் மார்க்கெட்ல வேல."

"அப்ப பாட்டு?"

"இன்னும் ஒம்போது பாட்டு கைல இருக்கு. எங்க வச்சுப் பதியிறது? புள்ளக் காம்பராவுல இப்ப உர மூட்டை அடுக்கிட்டாங்க."

இது நடந்த வாரத்தில்தான், பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்க வாங்கிய ஞாயிறு பத்திரிகையில் சோலைமலை ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். கவனிக்கப்படாமல் போன சிறந்த ஆல்பம் ஒன்றைப் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். தேர்வாகும் கலைஞருக்குக் கொழும்பில் பத்து நாள் ஒலிப்பதிவுக்கூடம் இலவசம். விளம்பரம் கொடுத்திருந்தது, மத்திய மலைநாட்டு மறைந்துபோன மற்றும் கவனிக்கப்படாத இசை மீட்பு அதிகார சபை.

ஹட்டனில் ஓர் ஆணிக்கடைக்கு மேல்மாடியில் அந்தச் சபை ஒன்பது வருடமாக இயங்கி வந்தது. இதுவரை எந்த இசையையும் அது மீட்டதில்லை. ஆனால் மீட்பது எப்படி என்பது பற்றி ஏழு கையேடுகள் வெளியிட்டிருந்தது. சபையின் தலைவராக, அதாவது தவிசாளராக, இருந்தவர் 'நாதவேந்தர்' பட்டம் கொண்ட தியாகலிங்கம். சுவரில் அவர் ஹார்மோனியத்தோடு இருக்கும் படம், மாலையோடு இருக்கும் படம், ஒரு பிரதி அமைச்சரோடு இருக்கும் படம், தன்னுடைய படத்தைத் தானே திறந்து வைக்கும் படம் ஆகியவை மாட்டப்பட்டிருந்தன. வருகிறவர்கள் உட்கார வாங்குப் பலகை இல்லை. அதற்குப் பதிலாகப் பதினொரு அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குள் இருந்தது தவிசாளரே பாடி வெளியிட்ட 'நவரத்தின நாதாஞ்சலி' என்ற சீடி. நவரத்தினம் என்றாலும் பதினான்கு பாட்டு. ஐந்தை விட அவருக்கு மனம் வரவில்லை.

சோலைமலை பெட்டிமேல் உட்கார்ந்து, தான் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை எழுதுவினைஞர் ஷாமிலாவிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது:

'ஐயா, ஈரக் கம்பளி என்ற ஆல்பத்தைக் கேளுங்கள். தலவாக்கலையில் ஏறும்போது போட்டால் ஹட்டனில் இறங்கும்போது முடியும். நடுவில் இறங்க மனம் வராது. நாலாவது பாட்டில் தப்பு அடிக்கிறவர் ஓரிடத்தில் அடிக்காமல் விடுகிறார். அந்த இடத்தைக் கேளுங்கள்.'

ஷாமிலா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கடிதம் எடுக்கிறதில்லண்ணே. படிவம் ஏழு நெரப்பணும்."

படிவம் ஏழில் முப்பத்தாறு கேள்விகள் இருந்தன. 'பரிந்துரைப்பவரின் இசைத் தகைமை.' 'பரிந்துரைப்பவரின் தந்தையின் இசைத் தகைமை.' 'ஆல்பத்தின் கவனிக்கப்படாமை எத்தரத்தது: ஓரளவு, பெருமளவு, முற்றிலும்.' ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் கேள்வி மட்டும் இல்லை.

"இதோட நூறு சத்தியக் கடதாசி வேணும்" என்றார் ஷாமிலா.

"எதுக்குங்க மிஸ்?"

"இந்த ஆல்பத்த நாங்க கேக்கலன்னு நூறு பேர் சத்தியம் பண்ணித் தரணும். சமாதான நீதவான் முத்திரையோட. அப்பதான் இது கவனிக்கப்படாததுன்னு சபை ஏத்துக்கும்."

சோலைமலைக்கு இது நியாயமாகவே பட்டது. அரசாங்க விஷயம் எதுவும் முதல் தடவை கேட்கும்போது அவருக்கு நியாயமாகத்தான் படும்.

கொட்டகலையில் சமாதான நீதவானாக இருந்த இராயப்பன், ஓய்வு பெற்ற வாத்தியார். கணக்குப் பாடம் எடுத்தவர்.

"சோலைமலை, சத்தியக் கடதாசிங்கிறது வெளையாட்டில்ல. எந்தப் பாட்டுன்னே தெரியாம, அந்தப் பாட்ட நான் கேக்கலன்னு ஒருத்தன் எப்படிச் சத்தியம் பண்ணுவான்? வேற எங்கயாச்சும் கேட்டிருந்தான்னா? பொய்ச் சத்தியமாப் போயிடும்."

"அப்ப என்னா சார் செய்யிறது?"

"போட்டுக் காட்டணும். கேட்டுட்டு, இத நான் இதுக்கு முன்ன கேக்கலன்னு அவன் சொல்லணும்."

ஆகவே சோலைமலை பஸ்ஸில் ஆல்பத்தைப் போட்டார். டிரைவர் சுனில் தன் வழக்கமான சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு முறைத்தார். மூன்றாம் நாள் அவரே, "மல்லி, அந்தத் தப்புப் பாட்டப் போடு" என்று, தம்பியென்று சிங்களத்தில் அழைத்துக் கேட்டார். மரக்கறி மூட்டையோடு ஏறுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். 'செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, பத்தனைச் சந்திக்கருகில், பஸ்ஸில் ஒலிபரப்பப்படும் வரை இப்பாடலை நான் கேட்டதில்லை' என்று இராயப்பன் நேரம், இடம் எல்லாம் சுத்தமாக எழுதி முத்திரை குத்தினார். நூறாவது கடதாசி முடிந்தபோது, பின் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் நாலாவது பாட்டை மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி மாதம் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பரிந்துரைப்பவரும் கலைஞரும் வர வேண்டும். டிலுக்ஷி அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல சுடிதார் போட்டு, கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தப்பு அடிக்கும் ஜெனுஷனும் தப்போடு வந்தான்.

மேசைக்குப் பின்னால் நாதவேந்தர் தியாகலிங்கமும், அவர் சொல்வதற்குத் தலையாட்ட இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். தவிசாளர் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"தொழில், கண்டாக்கு. ஓ! கண்டாக்கையாவா? வாங்க, வாங்க. கதிர போடுங்கப்பா."

தோட்டத்தில் வேலை வாங்கும் உத்தியோகத்தருக்கும் அதே பெயர்தான். கதிரை வந்தது. சோலைமலை உட்கார்ந்தார்.

"எந்தத் தோட்டம்?"

"தோட்டமில்லீங்க. பஸ்ஸு."

கதிரை திரும்பிப் போனது.

"இந்தப் பிள்ளைதான் கலைஞரா?" தவிசாளர் டிலுக்ஷியைப் பார்த்தார். "நிக்கட்டும். நின்னாத்தான் குரல் அடங்கும்."

"ஐயா, நாங்க ஒரு பாட்டுப் பாடவா?" என்றாள் டிலுக்ஷி.

மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் பதறிவிட்டார்கள்.

"பாடாத! பாடாத!" தவிசாளர் கையை உயர்த்தினார். "நான் கேட்டா அது கவனிக்கப்பட்டதாயிடும் பிள்ள. இந்தக் காது சாதாரணக் காது இல்ல. நான் எதையாவது ஒரு தடவை கேட்டுட்டா, அதுக்கப்புறம் அத நாடு கேட்டதா அர்த்தம். அதனாலதான் ஒன்பது வருஷமா நான் எதையும் கேக்கிறதில்ல. அது ஒரு தவம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"கேக்காம எப்படிங்க தேர்வு செய்வீங்க?" என்று சோலைமலை கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அனுபவம். ஒரு ஆளப் பாத்தாலே அவன் என்ன சுதியில பாடுவான்னு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ள துணிக்கடையில வேல செய்யுது. அப்ப துணிக்கடைப் பாட்டுத்தானே வரும்? தொழிலாளிக்குப் பாட்டுன்னா அலுப்புத் தீர்றதுக்கு. எங்களுக்குத்தான் அது கலை. இத யாரும் குறைவா எடுத்துக்கக் கூடாது. நான் தொழிலாளிகள மதிக்கிறவன். என் வீட்டுல நாலு பேர் வேல செய்யிறாங்க." பிறகு அவர் கண் ஜெனுஷனின் கையில் நின்றது. "அது என்ன?"

"தப்புங்க."

"பேரே சரியில்லையே. அத வெளியில வச்சிட்டு வா. இந்தப் படியில அந்த வாத்தியம் ஏறினதில்ல. எனக்கு ஒண்ணுமில்ல, நான் எல்லாரையும் சமமாப் பாக்கிறவன். படிக்கட்டுத்தான் பழசு."

ஜெனுஷன் வெளியே வைக்கவில்லை. தப்போடு தானும் இறங்கிப் போய்விட்டான். டிலுக்ஷி கடைசி வரை நின்றுகொண்டே இருந்தாள். தவிசாளர் தன்னுடைய முதல் கச்சேரி பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பங்குனியில் கடிதம் வந்தது. 'தாங்கள் சமர்ப்பித்த நூறு சத்தியக் கடதாசிகளைப் பரிசீலித்ததில், நூறு பேரும் மேற்படி ஆல்பத்தைக் கேட்டுள்ளமை அவர்களது கையொப்பத்துடனேயே நிரூபணமாகியுள்ளது. ஆகவே இது கவனிக்கப்பட்ட ஆல்பமாகும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தகுதியான விண்ணப்பம் எதுவும் கிடைக்காதவிடத்து, கொழும்பு ஒலிப்பதிவுக்கூடத்தின் பத்து நாட்களும் தவிசாளரின் இரண்டாவது ஆல்பத்துக்குப் பயன்படுத்தப்படும்.'

சோலைமலை கடிதத்தை டிலுக்ஷியிடம் காட்டினார். அவள் வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைய நிக்க வச்சது பரவால்லண்ணே" என்றாள் கொட்டகலை தாண்டியதும். "ஜெனுஷன் அன்னைலேருந்து தப்பத் தொடவே இல்ல. அந்தாளு நல்லா இருக்கக் கூடாதுண்ணே."

சோலைமலை சாது. மிச்சச் சில்லறைக்காகச் சட்டையைப் பிடித்தவர்களைக்கூட அவர் திருப்பித் தள்ளியதில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க, கண்ணை மூடினால் அந்தக் கதிரை திரும்பிப் போனது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதரை என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தார். தவிசாளரின் கார் டயரில் காற்றைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது. அது போதாது என்றும் தோன்றியது.

மேன்முறையீடு செய்யலாம் என்று மறுபடி மேல்மாடி ஏறினார்.

"மேன்முறையீடு தவிசாளருக்குத்தான் போகும்" என்றார் ஷாமிலா. ஒன்பது வருடமாக அவர் அங்கே 'தற்காலிக' எழுதுவினைஞர். நிரந்தரமாக்கக் கேட்டுக் கொடுத்த ஒன்பது கடிதங்களையும் அவரே கோப்பில் போட்டு, அவரே பூட்டி வைத்திருந்தார்.

சோலைமலை தொப்பென்று பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டி கிழிந்தது. 'நவரத்தின நாதாஞ்சலி' பத்துப் பன்னிரண்டு, தரையில் சரிந்தன. எல்லாவற்றிலும் தவிசாளர் சிரித்துக்கொண்டிருந்தார். சோலைமலை அவற்றைப் பொறுக்கி அடுக்கியவர், ஒன்றை மட்டும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மிஸ், இத யாராச்சும் வாங்கியிருக்காங்களா?"

"பெட்டி பதினொண்ணு வந்துச்சுண்ணே. பதினொண்ணு இருக்கு."

"அப்ப இத யாருமே கேக்கல."

"இல்ல."

"இதுக்கு நான் படிவம் ஏழு போடலாமா?"

ஷாமிலா பேனாவைக் கீழே வைத்தார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, ஒரு படிவத்தையும் சபையின் விதிப் புத்தகத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யாரு ஆல்பம்னு விதியில தடையில்ல. விண்ணப்பத் திகதியும் இன்னும் முடியல. பத்தொன்பதாம் விதியப் படிச்சிருக்கீங்களா? யாரும் படிக்கிறதில்ல. தவிசாளர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணினேன். தேர்வான ஆல்பத்துக்கு வந்த சத்தியக் கடதாசி எல்லாத்தையும் விழா மேடையில முழுசா வாசிக்கணும். குறிப்புகளோட." அவர் குரல் மாறவே இல்லை. "சத்தியக் கடதாசி எத்தனை வேணும்னாலும் குடுக்கலாம். உச்ச வரம்பு இல்ல."

சோலைமலை ஒரு சீடியையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இந்தத் தடவை பஸ்ஸில் எதையும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சீடியின் அட்டைப் படத்தைக் காட்டியதும் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். கணக்கு வாத்தியார் இராயப்பன், "கேக்காமச் சத்தியம் பண்ண முடியாது" என்ற தன் பழைய சட்டத்தைத் தளர்த்தி, முதல் கடதாசியில் தானே கையெழுத்து வைத்தார். நுவரெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றும் போட முயன்றார்கள். இராயப்பன் அனுமதிக்கவில்லை. 'குறிப்புகள்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் சனங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடம் போதாமல் மறுபக்கத்திலும் எழுதினார்கள்.

சித்திரையில் ஷாமிலா அந்தக் கட்டுகளைத் தவிசாளரின் மேசைமேல் வைத்தார். மேசை தெரியவில்லை.

"என்ன இது?"

"உங்க ஆல்பத்துக்குப் பொதுமக்கள் பரிந்துரை வந்திருக்கு சேர். ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு சத்தியக் கடதாசி."

நாதவேந்தர் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு பேர் எனக்காகக் கையெழுத்து வச்சிருக்காங்களா? இந்த மக்கள நான் என்னென்னவோ நெனச்சேன், ஷாமிலா. மன்னிச்சிடுறேன். எல்லாரையும் மன்னிச்சிடுறேன்."

"வாசிச்சுப் பாக்கிறீங்களா சேர்?"

"இப்ப வேணாம். மேடையில கேட்டுக்கிறேன். அப்பதான் கண்ணீர் இயல்பா வரும்."

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். சுனில் அன்றைக்குப் பஸ்ஸைச் 'சிறப்புச் சேவை' என்று பலகை போட்டு மூன்று தடவை ஓட்டியிருந்தார். முன் வரிசையில் பிரதி அமைச்சரும், அவருக்குப் பக்கத்தில் தவிசாளரின் மனைவி ஜீவராணியும் இருந்தார்கள். கடைசி வரிசையில் டிலுக்ஷி, ஜெனுஷன், சோலைமலை. டிலுக்ஷியின் விசா வந்துவிட்டிருந்தது.

தவிசாளர் பேசினார். "ஒரு கலைஞனை வாழும்போதே நாடு புறக்கணிப்பது வழக்கம். நான் கேட்காமலே, என்னைப் புறக்கணித்ததை ஒத்துக்கொண்டு ஆயிரம் பேர் முன்வந்திருக்கிறார்கள். என்னை நானே தேர்வு செய்ய வேண்டிய இக்கட்டு எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். இப்போது மக்களின் குரலைக் கேட்போம்."

ஷாமிலா ஒலிவாங்கி முன் வந்தார். பஸ் நேர அட்டவணை படிப்பது போல் வாசித்தார்.

"ஒன்று. கொட்டகலை இராயப்பன், சமாதான நீதவான். நான் நவரத்தின நாதாஞ்சலியைக் கேட்டதில்லை. கேட்க நேர்ந்தால் அது என் விருப்பத்துடன் நடந்ததாகக் கருதக் கூடாது. இரண்டு. லிந்துலை அழகன், மரக்கறி வியாபாரி. கேட்டதில்லை. ஒரு சீடி இலவசமாகத் தந்தார்கள். கோவா பாத்தியில் குருவி விரட்டக் கட்டியிருக்கிறேன். குருவி வருவதில்லை. மூன்று. தவிசாளரின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் தொண்டையைச் செருமியதும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஆகவே கேட்டதில்லை. நான்கு. மேற்படி ஆல்பத்தில் தபேலா வாசித்தவர். வாசிக்கும்போது காதில் பஞ்சு வைத்திருந்தேன்."

மண்டபத்தில் சிரிப்பு எழவில்லை. எல்லாரும் கல்லாட்டம் உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் இலக்கம் வரக் காத்திருந்தார்கள்.

ஏழாவதில் தவிசாளர் எழுந்தார். "போதும்! சாராம்சம் விளங்கிட்டுது. நிறுத்துங்க."

"பத்தொன்பதாம் விதி, உபபிரிவு இரண்டு" என்றார் ஷாமிலா. "வாசிப்பு இடையில் தடைப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று. கொட்டகலை இராயப்பன், சமாதான நீதவான்."

இரண்டாம் தடவை முப்பத்தோராம் இலக்கம் வரை போனது. முப்பத்தொன்று ஜீவராணி. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போக அவர் சோலைமலையின் பஸ்ஸில்தான் ஏறுவார்.

"நான் அவருடைய மனைவி. கல்யாணம் முடித்து இருபத்தொன்பது வருடம். அவர் பாட உட்கார்ந்ததும் குசினிக் குழாயைத் திறந்துவிடுவேன். இதனால் எங்கள் வீட்டில் பாத்திரம் எப்போதும் சுத்தமாக இருக்கும்."

தவிசாளர் மனைவியைப் பார்த்தார். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேரே மேடையைப் பார்த்தபடி இருந்தார். தவிசாளர் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"இது சதி! என் பாட்டு கேக்காத வீடு இந்த மலையில இல்ல! பொய்க் கையெழுத்து எல்லாம்! இந்த மண்டபத்துல என் ஆல்பத்தக் கேக்காதவன் எவனாவது இருந்தா, தைரியம் இருந்தா, கை தூக்குங்க பாப்பம்!"

மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. வாசலில் நின்றவர்களும் தூக்கினார்கள். தலையாட்டும் உறுப்பினர்கள் இருவரும், ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பாதிக் கை தூக்கினார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே பிரதி அமைச்சரும் தூக்கினார்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு கை மட்டும் எழவில்லை.

"அதோ!" தவிசாளர் கத்தினார். "அதோ ஒருத்தர்! வாங்க, மேடைக்கு வாங்க! நீங்க கேட்டிருக்கீங்களா?"

சோலைமலை மெல்ல நடந்து போனார். கிட்டே வந்த பிறகுதான் தவிசாளருக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அப்போது பிந்திவிட்டது.

"கேட்டேங்க" என்றார் சோலைமலை. "பதினாலு பாட்டும் கேட்டேன். மூணு தடவ கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல கதவச் சாத்திட்டு, தனியா ஒக்காந்து. எங்க டிரைவர் டீக்கடைக்குப் போயிட்டாரு. ஒரு ஆல்பத்துக்கு எழுதிக் குடுக்கிறவன் அதக் கேக்காம எழுதக் கூடாதுங்களே."

"சொல்லுங்க!" தவிசாளரின் குரல் இறங்கியிருந்தது. ஒன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ரசிகர். "சபைக்குச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

சோலைமலை யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; பின்னால் இடமில்லாதபோது தவிர.

"ஒம்பதாவது பாட்டுல, நடுவுல, நீங்க தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குதுங்க. ரெண்டு மொடக்கு. அது நல்லாருக்கு."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பிறகு மண்டபமே சிரித்தது. ஜீவராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரதி அமைச்சர் சிரித்துவிட்டுச் சிரிக்கவில்லை போல் இருமினார். டிலுக்ஷி மட்டும் சிரிக்கவில்லை. தவிசாளரின் முகத்தை, ஒரு கோடு விடாமல், ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தப் பரிசு வேணாம்!" என்றார் தவிசாளர். "ஒங்க யாருக்கும் என் பாட்டுக்குத் தகுதியில்ல!"

ஷாமிலா குறிப்பெடுத்தார். "தேர்வானவர் மறுத்துவிட்டார். இருபத்திரண்டாம் விதிப்படி அடுத்த விண்ணப்பத்துக்குப் போகும். வந்தது ரெண்டே விண்ணப்பம். மற்றது ஈரக் கம்பளி."

"அது நிராகரிச்சது! அத நூறு பேர் கேட்டிருக்காங்க!"

"என்னமோ அடுத்தது எதுவோ அதுக்குக் குடுத்து முடிங்க" என்றார் பிரதி அமைச்சர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. "ரெண்டு மணிக்கு நான் நல்லதண்ணியில ஒரு பாலம் திறக்கணும். இல்லாட்டி இன்னொருத்தர் திறந்திடுவார்."

மலைநாட்டு இசை இவ்வாறு மீட்கப்பட்டது. கேடயத்தில் தியாகலிங்கத்தின் பெயர் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருந்ததால் அதை அவரே எடுத்துக்கொண்டு போனார். டிலுக்ஷிக்குக் கடிதம் மட்டும் கிடைத்தது. கட்டார் பயணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது, ரத்தாகவில்லை. நால்வரும் கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வராமல் கையிலிருந்த ஒன்பது பாட்டோடு புதிதாக ஒன்றையும் பதிந்தார்கள். ஜெனுஷன் அடித்த அடியில் இரண்டு தடவை ஒலிப்பதிவுக்காரர் வந்து, "கொஞ்சம் மெதுவா" என்றாராம். அவன் கேட்கவில்லை.

ஆடியில் ஒரு காலை, டிலுக்ஷி தலவாக்கலையில் ஏறியதும் ஃபோனை நீட்டினாள். வெளியிடுவதற்கு முன் சோலைமலை ஒரு தடவை கேட்க வேண்டும். அவர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு, கதவோரம் நின்றபடி முழுக்கக் கேட்டார். அன்றைக்குப் பாதிப் பேர் இலவசமாகப் பயணம் செய்தார்கள்.

ஹட்டன் வந்ததும் இயர்ஃபோனைக் கழற்றினார்.

"ஆறாவது பாட்டு."

"என்னண்ணே, நல்லால்லையா?"

"அது அந்தாளப் பத்தித்தானே? தன் காதுக்குத் தானே கிரீடம் வச்சுக்கிட்ட ஒருத்தர்னு பாடுற. ஒருத்தர்னா யாருன்னு சனத்துக்கு எப்படித் தெரியும்? பேரப் போடு."

"கேசு போடுவாருண்ணே."

"கேசு போடணும்னா மொதல்ல அந்தப் பாட்ட அவரு கேக்கணுமே தங்கச்சி."

டிலுக்ஷி அவரைப் பார்த்தாள். அன்றைக்குக் கடைக்குப் போகாமல், அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அந்தப் பாட்டைத் திரும்பப் பதிய ஜெனுஷனைத் தேடிப் போனாள்.

வெளிவந்திருக்கும் அந்தப் பாட்டில் நாதவேந்தர் தியாகலிங்கத்தின் முழுப் பெயர், பட்டம், வீட்டு முகவரி எல்லாம் தாளத்தோடு வருகின்றன. நல்லதண்ணியில் கடலை விற்கிறவர்களுக்குக்கூட அது பாடம். வழக்கு எதுவும் இன்னும் வரவில்லை.